ஓர் எண் உயிரோடிருக்க ஆகும் செலவு

பிரிட்டனைச் சேர்ந்த கேபிள்.கோ.யுகே என்ற விலை ஒப்பீட்டு நிறுவனம் 2019 மார்ச்சில் ஒரு பட்டியலை வெளியிட்டது. 230 நாடுகளில் ஒரு ஜிபி மொபைல் டேட்டா என்ன விலைக்குக் கிடைக்கிறது என்ற கணக்கு அது. இந்தியாவில் சராசரியாக 26 அமெரிக்க சென்ட். பிரிட்டனில் 6.66 டாலர், அமெரிக்காவில் 12.37 டாலர். கடைசி இடத்தில் ஜிம்பாப்வே, 75.20 டாலர். ‘உலகத்திலேயே டேட்டா மலிவு இந்தியாவில்தான்’ என்ற பேச்சு அன்றிலிருந்து அமைச்சர்களின் மேடையிலும் டீக்கடை பெஞ்சிலும் நிலைத்துவிட்டது. 2021இல் அதே பட்டியலில் இஸ்ரேல் 5 சென்ட்டுடன் முதலிடத்துக்கு வந்த பிறகும் பேச்சு மாறவில்லை.

அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. நாள் முழுக்க வீடியோ பார்க்கிற, போனிலேயே பாடம் படிக்கிற ஒரு கல்லூரி மாணவருக்கு இந்தியாவைப் போல வசதியான நாடுகள் குறைவு. ஆனால் கடைக்குப் போய் யாரும் ஒரு ஜிபி டேட்டா கேட்பதில்லை. 28 நாளைக்கோ 84 நாளைக்கோ ஒரு பேக் போடுகிறார்கள். அன்றன்றைக்குச் செலவழிக்காத டேட்டா நள்ளிரவோடு போய்விடுகிறது. பேக் முடிந்தால் அவுட்கோயிங் நிற்கும். சில நாளில் இன்கமிங்கும் நிற்கும். ஆகவே நாடுகளுக்கிடையே மொபைல் கட்டணத்தை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது இது என்று நினைக்கிறேன்: ஒருவர் தன் எண்ணை உயிரோடு வைத்திருக்க, கூப்பிட்டால் எடுக்கவும் அவசரத்துக்குக் கூப்பிடவும், அந்த நாட்டில் குறைந்தபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும்? அந்தத் தொகைக்கு அவர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்? இப்படிக் கேட்டால் உலகப் பட்டியலின் வரிசை கலைகிறது. இந்தியாவின் இடமும் கலைகிறது.

எதை எதோடு ஒப்பிடுவது

இந்த ஒப்பீட்டைப் பல ஆண்டுகளாக முறையாகச் செய்துவருவது ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். சுருக்கமாக ஐடியு. அது ஒரு ஜிபி விலையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு மாதத் தேவை என்று சில ‘கூடை’களை வரையறுக்கிறது. குறைவாகப் பயன்படுத்துவோருக்கு 70 நிமிடப் பேச்சு, 20 எஸ்எம்எஸ், 500 எம்பி டேட்டா. அதிகமாகப் பயன்படுத்துவோருக்கு 140 நிமிடம், 70 எஸ்எம்எஸ், 2 ஜிபி. ஒவ்வொரு நாட்டிலும் இந்தக் கூடையை நிரப்ப ஆகும் செலவை டாலரிலும், நாட்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்த சராசரியில் இத்தனை சதவீதம் என்றும் சொல்கிறது. இணைய வசதிக்கு ஆகும் அடிப்படைச் செலவு அந்தச் சராசரி மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுதான், 2025க்குள் எட்ட வேண்டும் என்று ஐ.நா.வின் அகலக்கற்றை ஆணையம் 2018இல் வகுத்த இலக்கு. அதற்கு முன்பு 5 சதவீதம் என்று இருந்தது.

கூடை முறை ஜிபி கணக்கைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது சராசரி வருமானத்தை நம்பி நிற்கிறது. மென்பொருள் பொறியாளரின் சம்பளத்தையும் நாற்று நடுகிறவரின் கூலியையும் கூட்டி வகுத்தால் வரும் தொகை இருவருடையதும் இல்லை. சராசரியில் 2 சதவீதம் என்பது, கீழ்த்தட்டில் இருப்பவருக்கு 5ஆகவோ 8ஆகவோ இருக்கலாம்.

ஒப்பிடும் பொருள்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை இல்லை. பின்லாந்தில் டேட்டாவை ஜிபி கணக்கில் விற்பது அரிது. வேகத்துக்குத்தான் விலை; பயன்பாட்டுக்கு எல்லை கிடையாது. அங்கே ஒரு ஜிபி என்ன விலை என்பது, சந்தாதாரர் எவ்வளவு பார்த்துத் தள்ளுகிறார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விளம்பரங்களில் ஒரு இணைப்புக்கு மாதம் 25 டாலர், 30 டாலர் என்று பெரிய எழுத்தில் இருந்தால், அது பெரும்பாலும் குடும்பமாக நான்கு இணைப்பு எடுப்பவர்களுக்கான விலை. தனி ஆள் போனால் அதைப்போல இரண்டு மடங்கு கேட்பார்கள். அதற்கு மேல் வரி. அது மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் வேறு. பல ஆண்டுகள் அங்கே போனின் விலையையும் மாதக் கட்டணத்துக்குள் கரைத்து, இரண்டாண்டு ஒப்பந்தமாக விற்றார்கள். இந்தியாவில் போன் தனி, சிம் தனி. காட்டும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம். வரியைச் சேர்க்காமல் ஒன்றையும் சேர்த்து இன்னொன்றையும் அருகருகே வைக்கும் அட்டவணைகள் இன்றும் நிறைய உலவுகின்றன.

வரி எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு பாகிஸ்தான் நல்ல சான்று. அங்கே 100 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் வரிகள் போக மீதிதான் பேலன்ஸில் ஏறும். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த வரிகளை நிறுத்திவைத்தது. திடீரென்று நூறுக்கு நூறு கிடைத்தது. 2019 ஏப்ரலில் தடை நீங்கியதும் பழையபடி பிடித்தம். இடைப்பட்ட பத்து மாதங்களில் நிறுவனங்களின் கட்டணம் மாறாமலே மக்கள் கையில் கிடைத்த பேச்சு நேரம் கூடிக் குறைந்தது.

நாணயம் செய்யும் மாயம்

ஜிம்பாப்வேயின் 75 டாலருக்கு வருவோம். அதைப் படிக்கும் எவருக்கும் அங்கே நிறுவனங்கள் கொள்ளையடிக்கின்றன என்றே தோன்றும். அந்த விவரங்களைத் திரட்டியது 2018இன் இறுதியில். அப்போது அந்நாட்டின் உள்ளூர்ப் பணம், அரசாங்கத்தின் கணக்கில், அமெரிக்க டாலருக்குச் சரிசமம். ஒன்றுக்கு ஒன்று. வெளிச்சந்தையில் அதன் மதிப்பு அதில் ஒரு சிறு பங்குதான் என்பது ஹராரேயில் காய்கறி விற்பவருக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் அரசே சமமதிப்பைக் கைவிட்டு, டாலருக்கு 2.5 என்று தொடங்கி நாணயத்தை மிதக்கவிட்டது. அதன் பிறகு அது சரிந்துகொண்டே போனது. ஆக, 75 டாலர் என்பதில் டேட்டாவின் விலை கொஞ்சம். நம்ப முடியாத ஒரு நாணய மாற்று விகிதம் மீதி.

இதன் மறுபக்கத்தை இலங்கையில் பார்க்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் வழக்கமாகப் போடும் ரீலோட் தொகை மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், டாலர் கணக்கில் அது இரண்டே மாதத்தில் பாதியை நெருங்கிவிட்டது. உலகப் பட்டியலில் இலங்கை ‘மலிவான நாடு’ ஆகியிருக்கும். பெட்ரோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நின்றவர்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் தொலைத்தொடர்புக் கட்டணத்தை 20 சதவீதம் உயர்த்த ஒழுங்குமுறை ஆணைக்குழு அனுமதித்தது. அதே மாதம் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

இந்தச் சிக்கலுக்காகப் பொருளியலாளர்கள் வாங்கும் திறன் சமநிலை என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கிற சரக்கும் சேவையும் இந்தியாவில் எத்தனை ரூபாய்க்குக் கிடைக்கும் என்று பார்த்தால், உலக வங்கியின் மதிப்பீட்டில் அது சுமார் 20 ரூபாய்தான். இதை வைத்துப் பாருங்கள். நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் 299 ரூபாய்த் திட்டம் சந்தை மாற்று விகிதத்தில் மூன்றரை டாலர். வாங்கும் திறன் கணக்கில் ஏறத்தாழ 15 டாலர். அமெரிக்காவில் சில மாதங்களுக்கு மொத்தமாகக் கட்டினால் 15 டாலருக்குத் திட்டம் தரும் நிறுவனங்கள் உண்டு. அங்கே கிடைக்கும் டேட்டா சில ஜிபி. இங்கே 42 ஜிபி. அந்த வகையில் நமக்கு இலாபம்தான். ஆனால் 42 ஜிபி வேண்டாதவருக்கு?

கூலியால் அளந்தால்

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ரீசார்ஜ் கடை. கவர், சார்ஜர், டெம்பர் கிளாஸ் தொங்கும் சின்னப் பெட்டிக்கடை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், மஞ்சள் பையிலிருந்து கீபேட் போனை எடுத்து நீட்டினார். எண்ணைச் சொல்லத் தெரியாது. போனுக்குப் பின்னால் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“வெறும் பேசறதுக்கு மட்டும் போடு தம்பி.”

“மாசத்துக்குப் பேசறது மட்டும் தனியா இல்லக்கா. நூத்தித் தொண்ணூத்தொம்பதுதான் கம்மி. ரெண்டு ஜிபி நெட்டும் வரும்.”

“நெட்ட வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? எம் மவன் போனுக்கு மாத்திவுட முடியாதா?”

“அதெல்லாம் முடியாதுக்கா. பேசறது மட்டும் வேணும்னா மூணு மாசத்துக்குச் சேத்து இருக்கு. நானூத்தி அறுபத்தொம்பது.”

அவர் இருநூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தார். இரண்டு ஜிபி டேட்டா, இணையமே வராத ஒரு போனில் ஏறியது. 28 நாள் கழித்து அப்படியே தீர்ந்துபோகும்.

உலகில் டேட்டா மலிவான நாடுகளில் ஒன்றில் நடக்கிற வியாபாரம் இது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 365 நாள் என்பதால் 28 நாள் பேக்கை 13 முறை போட வேண்டும், 2,587 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். கிட்டத்தட்ட எட்டு நாள் கூலி ஒரு எண்ணுக்குப் போகிறது. நூறு நாள் முழுசாக வேலை கிடைத்தாலே அதில் எட்டு.

பிரிட்டனில் மாதம் 10 பவுண்டுக்கு அளவில்லாப் பேச்சும் பல ஜிபி டேட்டாவும் சேர்ந்த, போன் இல்லாத சிம் திட்டங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. 2025 ஏப்ரலில் அங்கே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். ஓராண்டுக் கட்டணத்துக்குப் பத்து மணி நேர உழைப்பு போதும். அமெரிக்காவில் மாதம் 15 டாலர் என்றால், பல ஆண்டுகளாக உயராமல் கிடக்கும் 7.25 டாலர் மத்திய குறைந்தபட்சக் கூலியில்கூட ஆண்டுக்கு 25 மணி நேரம். மூன்று நாள் வேலை. விலை அதிகம் என்று ஊரெல்லாம் புலம்பும் கனடாவில், மாதம் 40 டாலர் திட்டத்தை ஒன்டாரியோ மாகாணம் 2024 அக்டோபரில் நிர்ணயித்த 17.20 டாலர் கூலியால் வகுத்தால் 28 மணி நேரம்; மூன்றரை நாள்.

தமிழ்நாட்டில் வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஆண்களுக்கு 336 ரூபாயைவிட அதிகக் கூலி உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். சில குறிப்பிட்ட கீபேட் போன்களுக்கு மட்டும் 123 ரூபாய்த் திட்டம் ஒன்று இருக்கிறது. பிஎஸ்என்எல்லும் குறைவான கட்டணம் வைத்திருக்கிறது. சிக்னல் எடுக்கிற இடத்தில் இருப்பவருக்கு அது உதவும். இவற்றையெல்லாம் கழித்தாலும், ஜிபி பட்டியலில் மேலே நிற்கும் நாடு கூலிப் பட்டியலில் கீழே இறங்கிவிடுகிறது.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பிரிட்டனில் பே-அஸ்-யூ-கோ சிம் வைத்திருக்கும் ஒரு முதியவர் மாதாமாதம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. பல நிறுவனங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் அழைப்போ ஒரு மெசேஜோ போனால் எண் உயிரோடிருக்கும். இன்கமிங் எப்போதும் வரும். அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய லைஃப்லைன் திட்டம் ஏழைக் குடும்பங்களின் தொலைபேசிக் கட்டணத்தில் மாதம் 9.25 டாலர் வரை குறைக்கிறது. பணக்கார நாடுகள் அடிமட்டக் கட்டணத்தைக் கிட்டத்தட்ட சுழியத்தில் வைத்திருக்க முடிகிறது. நம்மிடமும் அப்படி ஒரு காலம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விலை ஏன் வேறுபடுகிறது

ஒரு நாட்டில் மட்டும் கட்டணம் ஏன் உயர்ந்து நிற்கிறது என்று கேட்டால் நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் நிலப்பரப்பு, அலைக்கற்றைச் செலவு, வரி. இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. தென் அட்லாண்டிக்கில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் செயின்ட் ஹெலினா தீவு, ஜிபி பட்டியலில் பலமுறை உலகத்தின் விலையேறிய இடங்களுள் ஒன்றாக வந்தது. 2023இல் கடலடிக் கேபிள் இயங்கத் தொடங்கும்வரை அந்தத் தீவு முழுவதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. அங்கே பூகோளம்தான் காரணம்.

கனடாவில் அந்த வாதம் நிற்காது. பெரிய நாடு, குளிர் நாடு, சிதறிய மக்கள் என்று ரோஜர்ஸ், பெல், டெலஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. சஸ்காட்ச்வான் மாகாணத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டைப்போல ஐந்து மடங்கு நிலம்; மக்கள் பன்னிரண்டு லட்சம் அளவுதான். நிலப்பரப்புதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் டொரண்டோவைவிட அங்கே விலை அதிகமாக இருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மாகாண அரசுக்குச் சொந்தமான சஸ்க்டெல் அங்கே போட்டியில் இருந்ததால், அதே மூன்று நிறுவனங்களும் டொரண்டோவில் விற்றதைவிடக் குறைந்த விலைக்கு மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் விற்றன. கியூபெக்கில் விடியோட்ரான் இதே வேலையைச் செய்தது. கனடாவின் போட்டி ஆணையம் 2019இல் இதை எண்ணால் சொன்னது: புதிய போட்டியாளர் சந்தையில் 5.5 சதவீதத்துக்கு மேல் பிடித்த இடங்களில் மூன்று பெரிய நிறுவனங்களின் விலை 35 முதல் 40 சதவீதம் வரை குறைவு. டொரண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை ஆண்டுகள் இந்த வித்தியாசத்தைச் சம்பளத்திலிருந்து கட்டியிருக்கும்! 2020 மார்ச்சில் மத்திய அரசு தலையிட்டு, 2 முதல் 6 ஜிபி வரையான திட்டங்களின் விலையை இரண்டு ஆண்டில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னது, குறைந்தது. குளிரும் நிலமும் அப்படியேதான் இருந்தன.

பிரான்ஸின் கதையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். 2012 ஜனவரி 10ஆம் தேதி சேவியர் நீலின் ஃப்ரீ மொபைல் நான்காவது நிறுவனமாகச் சந்தைக்கு வந்தது. 19.99 யூரோவுக்கு அளவில்லாப் பேச்சும் டேட்டாவும் என்பதுதான் தலைப்புச் செய்தியானது. எனக்கு முக்கியமாகப் படுவது அது இன்னொரு கையால் நீட்டிய 2 யூரோத் திட்டம்: ஒரு மணி நேரப் பேச்சு, 60 எஸ்எம்எஸ். அந்த நிறுவனத்தின் வீட்டு இணைய வாடிக்கையாளர்களுக்கு அதுவும் இலவசம். அன்றைய பிரெஞ்சுக் குறைந்தபட்சக் கூலியில் 2 யூரோ என்பது பதின்மூன்று நிமிட உழைப்பு. போட்டி எப்போதும் மேல்தட்டு வாடிக்கையாளரைத்தான் தேடும் என்பதில்லை. கீழே இருந்தும் சந்தையை உடைக்கலாம் என்பதற்கு இது சான்று. அதே ஆண்டு மே மாதம் இஸ்ரேலில் கோலன் டெலிகாம் வந்தது. அதைத் தொடங்கிய மிக்கேல் கோலன், ஃப்ரீயின் தாய் நிறுவனமான இலியாடில் முன்பு தலைமைப் பொறுப்பில் இருந்தவர். இலியாட் 2018இல் இத்தாலிக்குப் போய் 5.99 யூரோவுக்கு 30 ஜிபியும் அளவில்லாப் பேச்சும் கொடுத்தது. மூன்று நாட்டிலும் விலை சரிந்தது.

ஜப்பானில் அரசியல் அழுத்தம் அந்த வேலையைச் செய்தது. கட்டணத்தை 40 சதவீதம் குறைக்க இடமிருக்கிறது என்று 2018இல் யோஷிஹிதே சுகா சொன்னார். அப்போது அவர் தலைமை அமைச்சரவைச் செயலர். 2020 செப்டம்பரில் பிரதமரானதும் விடவில்லை. அரசு மூன்றில் ஒரு பங்கை வைத்திருந்த என்டிடி குழுமத்தின் டொகோமோ அந்த ஆண்டு டிசம்பரில் 20 ஜிபிக்கு 2,980 யென் என்று அறிவித்தது. மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

அலைக்கற்றைச் செலவு பற்றி ஒரு வார்த்தை. ஏலத்தில் கொட்டிய பணத்தைத்தான் கட்டணமாக வசூலிக்கிறோம் என்பது நிறுவனங்களின் வாதம். ஜப்பான் அலைக்கற்றையை நெடுங்காலம் ஏலமே விடாமல் ஒதுக்கியது. அங்கே கட்டணம் உயர்ந்திருந்தது. இந்தியா 2010இன் 3ஜி ஏலத்தில் 67,719 கோடியும் 2022இன் 5ஜி ஏலத்தில் ஒன்றரை லட்சம் கோடியும் ஈட்டியது. இங்கே கட்டணம் குறைவு. ஏலம் நிறுவனங்களின் கடனைப் பெருக்கும், பலவீனமானவற்றைக் கீழே தள்ளும். மிச்சமிருப்பவை குறைந்த பிறகுதான் அந்தச் செலவு வாடிக்கையாளரின் பில்லுக்கு வரும்.

தென்னாப்பிரிக்காவில் கேள்வியை எழுப்பியது மக்கள்தான். 2016இல் ‘டேட்டா விலை விழ வேண்டும்’ என்ற இயக்கம் சமூக ஊடகத்தில் தொடங்கி நாடாளுமன்றம் வரை போனது. போட்டி ஆணையம் விசாரித்து 2019 டிசம்பரில் அறிக்கை தந்தது. வோடகாமும் எம்டிஎன்னும் விலையை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்க வேண்டும் என்றது. 2020 ஏப்ரலில் வோடகாமின் 30 நாள் ஒரு ஜிபி 149 ராண்டிலிருந்து 99க்கு இறங்கியது. அந்த அறிக்கை கண்டுபிடித்த இன்னொரு விஷயத்தை நம் ஊரும் படிக்க வேண்டும்: சின்னச் சின்னப் பேக் வாங்கும் ஏழைகள் ஒவ்வொரு எம்பிக்கும் பணக்காரர்களைவிடப் பல மடங்கு கட்டுகிறார்கள். மொத்தமாகக் கட்டப் பணம் இல்லாததற்கு அவர்கள் செலுத்தும் அபராதம் அது.

கடல் கடந்தவர்களின் கணக்கு

புலம்பெயர்ந்தவருக்கு உள்ளூர்க் கட்டணம் பாதிக் கணக்குதான். ஊருக்குப் பேச என்ன ஆகும் என்பது மீதி. 1990களிலும் 2000களிலும் லண்டன், பாரிஸ், டொரண்டோ தமிழ்க் கடைகளில் சுரண்டும் அட்டைகள் அடுக்கிக் கிடந்ததற்குக் காரணம் அது. அந்தத் தேவையிலிருந்தே இரண்டு பெரிய நிறுவனங்களை ஈழத்தமிழர்கள் எழுப்பினார்கள். 2001இல் மூன்று நண்பர்கள் லெபாராவைத் தொடங்கினார்கள்; லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற அவர்களின் பெயர்களின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயர். 2006இல் அல்லிராஜா சுபாஸ்கரன் லைக்காமொபைலைத் தொடங்கினார். தமிழ்ப் படத் தயாரிப்பாளராகத்தான் இங்கே பலருக்கும் லைக்காவைத் தெரியும். சொந்தக் கோபுரம் இல்லாமல், பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க்கை மொத்த விலைக்கு எடுத்துச் சில்லறையாக விற்பதுதான் இவர்கள் தொழில். ஐரோப்பாவில் விலை குறைந்ததில் இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு.

வளைகுடாவில் நிலைமை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் இரண்டே பெரிய நிறுவனங்கள். வாட்ஸப் அழைப்புக்குத் தடை. 2018இல் அனுமதிக்கப்பட்ட செயலிகள் வழியாக இணையத்தில் பேச மாதம் 50 திர்ஹம் தனிக் கட்டணம் வைத்தார்கள். துபாய் கட்டடத் தளத்தில் வேலை செய்யும் ஒருவர் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேச, டேட்டாவுக்கு மேல் இன்னொரு தொகை. எந்த உலகப் பட்டியலிலும் இந்த 50 திர்ஹம் வருவதில்லை.

கீழ்ப்படி எப்படி உயர்ந்தது

1995 ஜூலை 31ஆம் தேதி மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்து இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பைச் செய்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல்; இன்கமிங்குக்கும் கட்டணம். 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானது. 2005 முடிவில் 999 ரூபாய்க்கு ‘லைஃப்டைம்’ கார்டு வந்தது. ஆயுள் முழுக்க இன்கமிங் என்று விற்றார்கள். அதன் விலையும் பின்னால் பாதியானது. பத்து ரூபாய் டாப்-அப், மிஸ்டு கால், நொடிக்கு ஒரு பைசா என்று போன காலம் அது. ஏழைக்கு எண் வைத்திருக்க அன்று ஆன செலவு உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

2016 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ வந்தது. பேச்சு இலவசம், டேட்டா கொட்டிக் கிடந்தது. போட்டி தாங்காமல் 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் சிக்னல் இழந்து, எண்ணைப் போர்ட் பண்ண கடைக் கடையாக அலைந்தார்கள். வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தையில் மூன்று தனியார் நிறுவனங்களும் பிஎஸ்என்எல்லும் மிஞ்சின.

இங்கேதான் இரண்டு கோடுகள் எதிரெதிர்த் திசையில் போகத் தொடங்கின. ஒரு ஜிபியின் விலை தரையைத் தொட்டது. எண்ணை உயிரோடு வைக்கும் விலை ஏறியது. 2018இன் இறுதியில், இன்கமிங் வேண்டுமானால் மாதம் 35 ரூபாய் கட்டாயம் என்று பெரிய நிறுவனங்கள் கொண்டுவந்தன. லைஃப்டைம் கார்டு வாங்கியவர்கள் திகைத்துப்போனார்கள். 2021இல் அந்த அடிமட்டம் 79ஆகி, 99ஆனது. 2023இல் 155. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின் 199. ஆறு ஆண்டில் ஐந்தரை மடங்குக்கு மேல். நிறைய டேட்டா வேண்டுபவருக்கு ஜியோவுக்குப் பிந்தைய இந்தியா சொர்க்கம். வேண்டாதவர் அந்தச் சொர்க்கத்தின் நுழைவுச்சீட்டை 28 நாளுக்கு ஒருமுறை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் இதைக் கவனிக்காமல் இல்லை. 2022 ஜனவரியில், 30 நாள் வேலிடிட்டி உள்ள ஒரு திட்டத்தையாவது வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 டிசம்பரில், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் கட்டாயம் என்றது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அப்படியே கொண்டுவந்தன: 84 நாளுக்கு 448, 469 ரூபாய், ஓராண்டை ஒட்டிய காலத்துக்கு 1,748, 1,849 ரூபாய். நாள் கணக்கில் வகுத்தால் 199ஐவிடக் குறைவுதான். ஆனால் 1,849 ரூபாய் என்பது ஒரே நேரத்தில் எடுத்து வைக்க வேண்டிய ஐந்தரை நாள் கூலி. தென்னாப்பிரிக்க ஆணையம் சொன்ன அதே அபராதம் இங்கே வேறு வடிவத்தில் வருகிறது: மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்குச் சலுகை, முடியாதவர் வேண்டாத டேட்டாவுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

கட்டணத்தைச் சந்தையிடம் விட்டுவிடுவது ட்ராயின் நெடுநாளைய கொள்கை. விலையை அது நிர்ணயிக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. எந்த நிறுவனமானாலும் பேச்சுக்கு மட்டுமான பேக்கை 30 நாளுக்கும் விற்க வேண்டும் என்று சொன்னால் போதும். 30 நாள் வேலிடிட்டியை ஒருமுறையும் டேட்டா இல்லாத பேக்கை இன்னொருமுறையும் கட்டாயமாக்கிய ஆணையத்துக்கு, இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதுவது கடினமான காரியம் இல்லை. கூடவே, ஒவ்வொரு காலாண்டும் வெளியிடும் அறிக்கையில் ஒரு சந்தாதாரருக்குக் கிடைத்த சராசரி வருவாய்க்குப் பக்கத்தில், ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்திலும் ஓர் எண்ணை உயிரோடு வைக்க ஆகும் குறைந்தபட்சச் செலவையும், அது அந்த மாநிலத்தின் எத்தனை நாள் கூலி என்பதையும் அச்சிடலாம்.